பொன்மொழிகளின் விடுபட்ட பாதி

அதிகாரத்தையும் மனித இயல்பையும் சமூகத்தையும் பற்றிய பொன்மொழிகள் நம்மிடம் வந்து சேரும்போது பெரும்பாலும் பாதிதான் வருகின்றன. மீதி வழியிலேயே எங்கோ உதிர்ந்துவிடுகிறது. பல வருடங்களாக இவற்றை நோட்டுப் புத்தகங்களில் எழுதிச் சேர்த்துவருகிறேன். மூலம் கிடைக்கும்போதெல்லாம் தேடிப் படிக்கிறேன். அப்படிப் படித்ததில் ஒரு விஷயம் எனக்கு உறுதிப்பட்டிருக்கிறது. நம் நாவில் தங்கிவிடுகிற பாதி, அடுத்தவரைக் குறைசொல்லத் தோதானது. உதிர்ந்துபோகிற பாதி நம்மிடம் ஒரு வேலையைக் கேட்பது. அந்த இரண்டாவது பாதியை என் அலுவலகத்திலும் நான் பங்கெடுத்த பொது வேலைகளிலும் பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன். அதைத்தான் எழுதுகிறேன்.

ஆக்டனிலிருந்து தொடங்கலாம். "அதிகாரம் கெடுக்கும் போக்குடையது, முழு அதிகாரம் முழுவதுமாகக் கெடுக்கும்." இதைக் கேள்விப்படாதவர் குறைவு. ஆங்கிலேய வரலாற்றாசிரியர் ஆக்டன் பிரபு 1887 ஏப்ரல் 5 அன்று மாண்டெல் கிரைட்டனுக்கு எழுதிய கடிதத்தில் வருகிறது. கிரைட்டனும் வரலாற்றாசிரியர், மதகுருவும்கூட. போப்பாண்டவர்களின் வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தார். அவர்களுடைய குற்றங்களை அவர் மென்மையாகக் கடந்துபோகிறார் என்பது ஆக்டனின் வருத்தம். இத்தனைக்கும் ஆக்டன் ஒரு கத்தோலிக்கர். மற்ற மனிதர்களை எந்த அளவுகோலால் அளக்கிறோமோ அதே அளவுகோலால்தான் மன்னரையும் போப்பையும் அளக்க வேண்டும், பதவியில் இருந்தார் என்பதற்காகச் சலுகை காட்டக் கூடாது என்று வாதாடுகிறார். பதவி தன்னில் அமர்ந்தவரைப் புனிதராக்கிவிடும் என்ற நம்பிக்கையைவிட மோசமான திரிபுக் கொள்கை வேறில்லை என்பதும் அதே கடிதத்தில் இருக்கிறது.

அப்படியென்றால் ஆக்டன் பேசுவது நாற்காலியில் இருப்பவரிடம் இல்லை. அவரை எடைபோடும் இடத்தில் இருப்பவரிடம். இது எனக்கு நேராக வந்து பட்டது. ஏனென்றால் அப்போது நான் ஒரு நிறுவனத்தில் பயணச் செலவுக் கணக்குகளைச் சரிபார்க்கும் பிரிவில் இருந்தேன். இளைய ஊழியரின் கணக்கில் ஒரு ரசீது குறைந்தால் காகிதம் திரும்பிப் போகும். பெரிய அதிகாரியின் கணக்கில் அதே ரசீது குறைந்தால் போகாது. யாரும் உத்தரவு போட்டு நடந்ததில்லை இது. பல காலமாக அப்படியே பழகிவிட்டிருந்தது. மதிய இடைவேளையில் "அதிகாரம் ஆளைக் கெடுக்கும்" என்று மேலிடத்தைப் பற்றிப் பேசிக்கொண்ட அதே ஆட்கள்தான், மாலையில் அந்தக் கணக்குகளைக் கேள்வி கேட்காமல் அனுப்பிக்கொண்டிருந்தோம்.

ஆக்டனின் கடிதத்தைப் படித்த பிறகு ஒரு சின்னப் பழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டேன். கணக்கு யாருடையது என்று தெரியும் மேல்பகுதியையும் கையெழுத்துப் பகுதியையும் ஒரு தாளால் மறைத்துவிட்டு, உள்ளே இருப்பதை மட்டும் முதலில் பார்ப்பேன். என்ன குறை என்று பென்சிலால் குறித்துவிட்டுத்தான் பெயரைப் பார்ப்பது. பெயரைப் பார்த்த பிறகு குறிப்பை அழிப்பதில்லை. பிரிவில் மற்றவர்களும் மெல்ல இதற்கு வந்தார்கள். முதல்முறை ஒரு மூத்த அதிகாரியின் கணக்கு திரும்பிப் போனபோது நடந்ததை எல்லோரிடமும் சொல்லுவேன். அவர் மறுநாளே ரசீதை இணைத்து அனுப்பிவிட்டார், ஒரு வார்த்தை பேசவில்லை. கோபப்பட்டவர்கள் அவரைச் சுற்றி இருந்தவர்கள். "அவருடையதையா திருப்பி அனுப்புகிறீர்கள்?" என்று மூன்று பேர் தனித்தனியாக வந்து கேட்டார்கள். அதிகாரத்தை உயர்த்திப் பிடிப்பதில் பாதி வேலையை அருகில் நிற்பவர்களே செய்துவிடுகிறார்கள். இதை நான் பிறகு எத்தனையோ இடங்களில் பார்த்தேன்.

இன்னொரு அலுவலகத்தில், மேலாளரின் நாற்காலிக்குப் பின்னால் சட்டம் போட்டு ஒரு வாசகம் தொங்கியது. "நீ சொல்வதை நான் ஏற்கவில்லை, ஆனால் அதைச் சொல்லும் உன் உரிமைக்காக உயிரையும் கொடுப்பேன்." கீழே வால்டேர் பெயர். பிரெஞ்சுச் சிந்தனையாளரான வால்டேர் இறந்தது 1778இல். இந்த வாசகத்தை எழுதியவர் ஈவ்லின் பீட்ரிஸ் ஹால் என்ற ஆங்கிலப் பெண்மணி. டாலன்டயர் என்ற புனைபெயரில் 1906இல் வெளியிட்ட நூலில் வருகிறது. ஹெல்வெட்டியஸ் என்பவரின் புத்தகம் எரிக்கப்பட்டபோது வால்டேரின் மனநிலை என்னவாக இருந்தது என்பதைத் தன் வார்த்தைகளில் சொல்கிறார். அந்தப் புத்தகம் வால்டேருக்குப் பெரிதாகப் பிடித்ததும் இல்லை. எரித்ததைத்தான் அவரால் ஏற்க முடியவில்லை. அந்த அறையில் ஒரு இளம் ஊழியர், ஒரு திட்டத்தில் உள்ள குறையை எழுத்தில் கொடுத்தார். அடுத்த மாற்றல் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. அது எங்கள் எல்லோர் மனதிலும் பதிந்தது. அன்றிலிருந்து எந்த அமைப்பில் சேர்ந்தாலும் சுவரில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால் ஒரு கேள்வியை விசாரித்துத் தெரிந்துகொள்கிறேன்: கடைசியாக இங்கே மறுத்துப் பேசியவர் இப்போது எங்கே இருக்கிறார்? அந்தப் பதில் அந்த இடத்தைப் பற்றி எனக்கு இதுவரை தவறாகச் சொன்னதில்லை.

பிறகு எனக்கே ஒரு பிரிவை நடத்தும் பொறுப்பு வந்தது. அப்போது கைகொடுத்தவை குறள்கள்தான். பெரியாரைத் துணைக்கோடல் அதிகாரத்தில் இருக்கிறது:

"இடிப்பாரை இல்லாத ஏமரா மன்னன்
கெடுப்பார் இலானுங் கெடும்."

தவறைக் கண்டால் இடித்துச் சொல்லும் ஆட்கள் பக்கத்தில் இல்லாத, அப்படித் தன்னைக் காத்துக்கொள்ளாத மன்னன், கெடுப்பதற்குப் பகைவர் யாரும் இல்லாமலே கெடுவான். ஆக்டன் பார்ப்பவரிடம் பேசினால், வள்ளுவர் நாற்காலியில் இருப்பவரிடமே பேசுகிறார். அதிலும், இடித்துச் சொல்பவர் தானாக வந்து அமைவார் என்று அவர் விடவில்லை. அத்தகையவரைத் துணையாகத் தேடிக்கொள்வது ஆள்பவனின் வேலை என்பதுதான் அந்த அதிகாரம் முழுவதும்.

நான் கூட்டங்களில் "யாருக்காவது மாற்றுக் கருத்து உண்டா?" என்று கேட்பேன். எல்லோரும் மேசையைப் பார்ப்பார்கள். கேட்டுவிட்டால் போதும், சொல்லிவிடுவார்கள் என்பது நடப்பதில்லை. யார் முதலில் வாயைத் திறக்கிறாரோ அவருக்கு இழப்பு உண்டு என்று எல்லோருக்கும் தெரியும். எனவே மறுப்பதை ஒரு பணியாகவே ஆக்கினேன். ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர், முறைவைத்து, "இந்த முடிவு எங்கே தோற்கும்?" என்பதை மட்டும் சொல்ல வேண்டும். அவருக்கு அன்று வேறு வேலை கிடையாது. அவர் சொல்வது கூட்டக் குறிப்பில் ஏறும், ஆனால் பெயர் போட்டு ஏறாது. முறைக்காரரின் வருடாந்திர மதிப்பீட்டில் அவர் மறுத்ததைச் சேர்க்கக் கூடாது என்பதையும் எழுதியே வைத்தோம்.

முதல் சில கூட்டங்களில் பெயருக்குத்தான் நடந்தது. எழுத்துப் பிழை, தேதிப் பிழை என்று ஏதாவது சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். அப்புறம் ஒருநாள், பிரிவிலேயே புதிதாகச் சேர்ந்திருந்த பெண், நான் மிகவும் ஆசையோடு கொண்டுவந்திருந்த ஒரு வேலைப் பங்கீட்டுத் திட்டத்தைப் பற்றி, "இதில் இரண்டு பேருக்கு மட்டும் எல்லா அவசர வேலையும் போய்ச் சேரும், அவர்கள் சொல்ல மாட்டார்கள்" என்றார். அறையில் எல்லோரும் அவரைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார்கள். இறைமாட்சியில் வரும் இன்னொரு குறள் அப்போதுதான் எனக்கு உடம்பில் புரிந்தது: "செவிகைப்பச் சொற்பொறுக்கும் பண்புடை வேந்தன் கவிகைக்கீழ்த் தங்கும் உலகு." காது கசக்கும் என்று வள்ளுவர் ஒளிக்காமல் சொல்கிறார். கசக்கத்தான் செய்தது. திட்டத்தை நிறுத்திவைத்தோம், கணக்குப் போட்டுப் பார்த்தோம், அவர் சொன்னது சரி. மாற்றினோம். அதன் பிறகு கூட்டங்கள் வேறு மாதிரி ஆகிவிட்டன.

இதில் நான் இன்றும் கடைப்பிடிப்பது ஒன்று உண்டு. மறுப்பு வந்த அதே கூட்டத்தில் பதில் சொல்வதில்லை. குறித்துக்கொள்கிறேன், நன்றி சொல்கிறேன், அடுத்த நாள் பதில் தருகிறேன். உடனே பதில் சொன்னால், எவ்வளவு இனிமையாகச் சொன்னாலும் அது தற்காப்பாகத்தான் வெளிவரும். மேலே இருப்பவரின் தற்காப்பு கீழே இருப்பவருக்கு மிரட்டலாகக் கேட்கும்.

ஒருவரின் குணத்தைச் சோதிக்க அதிகாரத்தைக் கொடுத்துப் பார் என்ற வாசகம் ஆபிரகாம் லிங்கன் பெயரில் சுற்றுகிறது. அது லிங்கன் சொன்னதில்லை, லிங்கனைப் பற்றிச் சொன்னது. சொன்னவர் அமெரிக்கப் பேச்சாளர் ராபர்ட் இங்கர்சால். பெரும்பாலோரால் துன்பத்தைத் தாங்கிவிட முடியும், ஒரு மனிதன் உண்மையில் யார் என்று அறிய வேண்டுமானால் அவனுக்கு அதிகாரம் கொடு என்கிறார். உதிர்ந்துபோன வரி அடுத்து வருகிறது: ஏறக்குறைய முழு அதிகாரமும் கையில் இருந்தும் லிங்கன் அதைத் தவறாகப் பயன்படுத்தவில்லை, இரக்கத்தின் பக்கம் சாய்ந்ததைத் தவிர.

நான் ஆட்களைப் பொறுப்புக்குத் தேர்ந்தெடுக்கும்போது இதைப் பின்பற்றினேன். பெரிய அதிகாரத்தைக் கொடுத்துச் சோதிப்பது மற்றவர்களுக்கு ஆபத்து. சின்ன அதிகாரம் போதும். பணிநேரப் பட்டியல் போடுவது, பொருட்கள் அறையின் சாவியை வைத்திருப்பது, விடுப்பு விண்ணப்பங்களை வரிசைப்படுத்துவது. ஒருவர் தனக்குப் பிடிக்காதவரின் விடுப்பு விண்ணப்பத்தை எவ்வளவு நேரம் மேசையில் கிடத்துகிறார் என்று பார்த்தால் நிறையத் தெரிந்துவிடும். கூடவே "குணம்நாடிக் குற்றமும் நாடி அவற்றுள் மிகைநாடி மிக்க கொளல்" என்ற குறளைச் சொன்னபடியே செய்தேன்: ஒரு தாளில் இரண்டு பக்கமும் எழுதி எது கூடுதல் என்று பார்ப்பது. குற்றமே இல்லாத ஆளைத் தேடி அலையும் வேலை அதோடு போனது. நேர்முகத்தில் நன்றாகப் பேசியவர் என்ற மயக்கமும் குறைந்தது.

"தீமை வெல்வதற்கு நல்லவர்கள் சும்மா இருந்தால் போதும்" என்பது பிரிட்டிஷ் அரசியல்வாதி எட்மண்ட் பர்க் பெயரில் உலவுவது. அவருடைய எழுத்தில் இது இல்லை. இதற்கு நெருக்கமாக ஆங்கிலேயத் தத்துவஞானி ஜான் ஸ்டூவர்ட் மில் 1867இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழக உரையில் பேசியிருக்கிறார். பர்க் 1770இல் எழுதியது வேறு: கெட்டவர்கள் ஒன்றுசேரும்போது நல்லவர்களும் ஒன்றுகூட வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொருவராக, பரிதாபப்படவும் ஆளில்லாமல், அற்பமான போராட்டத்தில் விழுவார்கள். உலவுகிற வாசகம் தனி மனிதரின் மனசாட்சியை உசுப்பிவிட்டு நின்றுவிடுகிறது. பர்க் எழுதியது அடுத்து என்ன செய்ய வேண்டும் என்றே சொல்கிறது.

நான் குடியிருந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கத்தில் வருடக்கணக்காக வரவுசெலவு காட்டப்படவில்லை. ஒரு முதியவர் மட்டும் ஒவ்வொரு பொதுக்குழுவிலும் தனியாக எழுந்து கேட்பார். "உங்களுக்கு எப்போதும் இதே வேலைதானா?" என்று அடக்கிவிடுவார்கள். வீட்டுக்கு வந்ததும் எங்களில் பலர் அந்த "நல்லவர்கள் சும்மா இருந்தால்" வாசகத்தைத் தொலைபேசியில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வோம். முதியவர் தனியாகவே இருந்தார். பர்க் சொன்னபடி விழுந்துகொண்டிருந்தார். தனி மரம் தோப்பாகாது என்று நம் பழமொழியே இருக்கிறது.

பிறகு சில குடும்பங்கள் அவர் வீட்டில் கூடினோம். முதலில் சங்க விதிகளின் பிரதியை வாங்கி எல்லோரும் படித்தோம். உறுப்பினர் கேட்டால் கணக்குப் புத்தகங்களைப் பார்க்கலாம் என்று ஒரு விதி இருந்தது. யாரும் படித்திருக்கவில்லை, நிர்வாகிகள் உட்பட. ஊழல் என்ற சொல்லே இல்லாமல், பழைய சண்டைகளை இழுக்காமல், அந்த விதியின் எண்ணைக் குறிப்பிட்டு, ஒரே ஒரு கோரிக்கையோடு கடிதம் எழுதிக் கூட்டாகக் கையெழுத்திட்டுக் கொடுத்தோம். சில வாரங்களில் புத்தகங்கள் வந்தன. பெரிய திருட்டு எதுவும் இல்லை. வவுச்சர் இல்லாத செலவுகள் இருந்தன, நினைவில் வைத்து எழுதிய தொகைகள் இருந்தன. அதைச் சரிசெய்ய ஒரு முறை வகுத்தோம். இப்போது மாதக் கணக்கு அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படுகிறது. இதில் வேலை செய்தது மூன்று விஷயங்கள்: ஆட்கள் சேர்ந்தது, விதியைப் படித்தது, ஒன்றை மட்டும் கேட்டது. பத்துக் குறைகளை ஒரே கடிதத்தில் எழுதினால், எதிரில் இருப்பவர் தனக்கு எளிதான ஒன்றுக்குப் பதில் சொல்லிவிட்டு மற்றவற்றைக் கடந்துவிடுவார்.

அதே குடியிருப்பில் வண்டி நிறுத்துவதில் தினமும் சண்டை. "மனுஷங்களே இப்படித்தான்" என்று எல்லோரும் சொல்வார்கள். ஆங்கிலேயத் தத்துவஞானி தாமஸ் ஹாப்ஸின் புகழ்பெற்ற வரியும் இப்படித்தான் மேற்கோள் காட்டப்படுகிறது: மனித வாழ்க்கை தனிமையானது, வறியது, அருவருப்பானது, மிருகத்தனமானது, குறுகியது. இங்கிலாந்தின் உள்நாட்டுப் போர்க் காலத்தைக் கண்டவர், 1651இல் வெளியிட்ட நூலில் எழுதியது. ஆனால் அவர் எல்லா மனித வாழ்க்கையையும் அப்படிச் சொல்லவில்லை. எல்லோரையும் கட்டுப்படுத்தும் ஒரு பொது அதிகாரம் இல்லாத நிலையில் வாழ்க்கை எப்படி இருக்கும் என்றே சொல்கிறார். நாங்கள் தரையில் கோடு போட்டு எண் எழுதினோம். அதே மனிதர்கள்தான், சண்டை பெரும்பாலும் நின்றுவிட்டது. ஆட்களின் குணத்தைக் குறைசொல்லத் தோன்றும்போதெல்லாம், இங்கே எழுதப்பட்ட விதி ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பார்ப்பது அதிலிருந்து வந்த பழக்கம்.

இத்தாலிய அரசியல் சிந்தனையாளர் மாக்கியவெல்லியை அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அன்பைவிட அச்சம் பாதுகாப்பானது என்று மேலாளர்கள் அவரைக் காட்டிச் சொல்வார்கள். இரண்டும் சேர்ந்து அமையாதபோது என்ற நிபந்தனையோடுதான் அவர் அதைச் சொல்கிறார். அவருடைய 'இளவரசன்' நூலின் அதே அத்தியாயத்தில், வெறுப்பு மட்டும் வந்துவிடக் கூடாது, அதற்குக் குடிமக்களின் உடைமையில் கைவைக்காதே என்றும் எச்சரிக்கிறார். அலுவலகத்தில் உடைமை என்பது ஒருவர் செய்த வேலைக்கான பெயர், அவருடைய விடுப்பு, அவருடைய சம்பளம். கண்டிப்பான பலரோடு வேலை செய்திருக்கிறேன். இந்த மூன்றைத் தொடாதவரை யாரும் அவர்களை வெறுத்துப் பார்த்ததில்லை.

பழமொழிகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றனவே என்று இளைஞர்கள் கேட்பதுண்டு. "துணிந்தவனுக்குத் துக்கமில்லை" என்றும் இருக்கிறது, "ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்றும் இருக்கிறது. முரண்பாடு என்று நான் நினைக்கவில்லை. இரண்டு வேறு ஆட்களுக்கு, இரண்டு வேறு வேளைகளில் சொன்னவை. எனக்கு எது பிடிக்கிறதோ அது பெரும்பாலும் எனக்கான பழமொழி இல்லை என்பது என் அனுபவம். தயங்குகிற சுபாவம் உள்ள எனக்கு ஆழம் பார்க்கச் சொல்லும் பழமொழி எப்போதும் இனிக்கும். மற்றதைத்தான் நான் எழுதி மேசையில் வைத்திருக்கிறேன்.

விடுபட்ட பாதிகளில் என்னை மிகவும் பாதித்தது நம்முடையதே. "யாதும் ஊரே யாவரும் கேளிர்" எல்லோருக்கும் தெரியும். கணியன் பூங்குன்றனாரின் அந்தப் புறநானூற்றுப் பாடல், எண் 192, 13 வரி கொண்டது. மேடைகளில் முதல் வரியோடு நின்றுவிடுகிறோம், மிஞ்சிப்போனால் "தீதும் நன்றும் பிறர்தர வாரா" வரை போகிறோம். கல்லில் மோதி ஒலிக்கும் பேராற்றில் நீர் போகும் வழியே போகும் தெப்பம்போல உயிரும் முறைவழியே போகிறது என்று காட்டிவிட்டு, ஆகையால் என்று சொல்லி, அவர் வந்து சேர்கிற இடம் கடைசியில் இருக்கிறது: "பெரியோரை வியத்தலும் இலமே, சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே."

உலகமெல்லாம் உறவு என்று சொல்வதில் யாருக்கும் ஒரு கஷ்டமும் இல்லை. பெரியவர் வரும்போது வியந்து எழுந்து நிற்காமல் இருப்பதும், சிறியவரை இகழாமல் இருப்பதும் தினமும் செய்ய வேண்டிய வேலை. இரண்டையும் சமமாக வைக்காமல், சிறியோரை இகழ்வது அதைவிடவும் கூடாது என்று புலவர் ஒரு படி கூட்டி வைத்திருப்பதை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். அதிகாரத்தைப் பற்றி நான் படித்த எதிலும் இவ்வளவு குறைந்த சொற்களில் இரண்டு பக்கத்து நோயையும் சேர்த்துச் சொன்னதைப் பார்த்ததில்லை. இதை வைத்து ஒரு வழக்கம் கொண்டுவந்தேன். கூட்டங்களில் பேசும் வரிசையைத் தலைகீழாக்கினேன். பணியில் மிக இளையவர் முதலில், மூத்தவர் கடைசியில். மூத்தவர் முதலில் பேசிவிட்டால் மற்றவர்கள் அவர் பேசியதைத்தான் வேறு வார்த்தையில் பேசுவார்கள்.

இப்போது என் நோட்டில் ஒவ்வொரு வாசகத்துக்குப் பக்கத்திலும் யார் சொன்னது, யாரிடம், எப்போது, முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்பதை எழுதுகிறேன். கீழே ஒரு வரி, இது என்னிடம் என்ன கேட்கிறது என்று. அந்த வரியை எழுத முடியாவிட்டால், வாசகம் எவ்வளவு அழகாக இருந்தாலும் பேச்சில் எடுப்பதில்லை. சண்டையின் நடுவில் எதையும் மேற்கோள் காட்டுவதில்லை. அங்கே குறளும் கல்லாகத்தான் போய் விழும். மூலம் கிடைக்காதவற்றுக்கு நோட்டின் பின்பக்கத்தில் தனி இடம் உண்டு. அவற்றைச் சொல்ல நேர்ந்தால் பெயர் சேர்க்காமல், "யாரோ சொன்னது" என்றுதான் சொல்கிறேன். அவ்வப்போது அங்கிருந்து ஒன்று, மூலம் கிடைத்து, முன்பக்கத்துக்கு வருகிறது.